அண்ணன் படித்த எலும்புகள்

என் அண்ணன் கணேசமூர்த்தி லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் டிஸ்பென்சர். தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்துகொண்டு மருந்து கலக்கிக் கொடுக்கிறவன். சனங்கள் அவனை டாக்டரையா என்றுதான் கூப்பிடுகிறார்கள். போன மாதம் நான் அங்கே போயிருந்தபோது ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டு, "எங்க டாக்டரையா மாதிரி ஒரு டாக்டரு கொழும்புலயே கெடையாதும்மா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவன் டாக்டர் இல்லை. ஆக வேண்டியவன். கொழும்பு மருத்துவக் கல்லூரியில் இரண்டரை வருடம் படித்துவிட்டு அதை முடிக்காமல் வந்தவன். முடிக்காமல் போனதில் எனக்கும் பங்கு உண்டு. நான் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்கிறவள். பிள்ளைகள் எதையாவது மறைத்தால் காதைத் திருகுவேன். நானே எட்டு வருடம் ஒன்றை மறைத்து வைத்திருந்தேன்.

நாங்கள் ராகலைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பராக்கள் ஒட்டி நிற்கும் வரிசையில் பிறந்தவர்கள். அப்பா ஆண்டியப்பன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அம்மா வேலாயி கொழுந்து பறிக்கிறவள். அண்ணன் எப்படிப் படித்தான் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு காதில் விரலை விட்டுக்கொண்டு படிப்பான், அவ்வளவுதான் நான் கண்டது. பக்கத்துக் காம்பராவில் புருசன் பெண்சாதி சட்டியை வீசிச் சண்டை போட்டாலும் அவன் தலை நிமிராது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோடு எங்களைப் போன்றவர்களுக்குப் பிரஜாவுரிமை இல்லையென்று ஆகிவிட்டது. அரசாங்க உத்தியோகம், அரசாங்கப் பயிற்சி என்று எதற்கு விண்ணப்பம் போட்டாலும் அந்தக் கடுதாசியைக் கேட்டார்கள். அண்ணன் எழுதிய பல்கலைக்கழகப் பரீட்சையில் அதை யாரும் கேட்கவில்லை. எழுதினான், இடம் கிடைத்தது, போய்விட்டான். அன்றிலிருந்தே லயத்தில் அவனுக்கு டாக்டர் என்று பெயர். ஒரு ஊசி பிடிக்கத் தெரியாதவனுக்கு அந்தப் பெயர்!

டாக்டர் படிப்பில் முதல் இரண்டு வருடமும் உடம்பைத்தான் படிக்கிறார்கள். வியாதி பிறகு வருகிறது. அதில் எலும்பு ஒரு பெரிய பாடம். ஒரு எலும்பைக் கையில் கொடுத்து, இது வலதா இடதா, எது மேல், எது கீழ், இந்த மேட்டில் எந்தத் தசை ஒட்டுகிறது என்று வாய்ப்பரீட்சையில் கேட்பார்களாம். வசதியுள்ள பிள்ளைகள் எலும்புகளை வாங்கி அறையில் வைத்துப் படிப்பார்கள். அண்ணனுக்குக் கல்லூரி நேரத்தில் பார்த்ததோடு சரி. முதல் தடவை அவன் தவறியது அந்த எலும்பு வாய்ப்பரீட்சையில்தான். இன்னொரு தடவை எழுதலாம். அதிலும் தவறினால் அவனுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த உதவிப்பணம் நின்றுவிடும். உதவிப்பணம் நின்றால் கொழும்பில் ஒரு நாள் தங்க முடியாது.

அந்த இரண்டாம் பரீட்சைக்கு முன்னால், 1957 பங்குனியில், படிக்க விட்ட மூன்று வார லீவில் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு தகரப்பெட்டி. "யாரும் தொறக்காதீங்க, பரீட்சப் புத்தகம்" என்று கட்டிலுக்கு அடியில் தள்ளினான். பகலில் எல்லோரும் மலைக்கு வேலைக்குப் போனபிறகு கதவைத் தாழ் போட்டுக்கொண்டு படித்தான்.

அவன் வந்த நேரத்தைப் பாருங்கள். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டிவிட்டால் தோட்டத்தில் ஒரு சாவு விழக் கூடாது. விழுந்தால் திருவிழா நின்றுவிடும். எல்லைக்குள் பிணம் கிடக்க அம்மன் தேர் ஏறமாட்டாள் என்பது எங்கள் சனங்களின் கணக்கு. அந்த வருடம் கையில் காப்பைக் கட்டிக்கொண்டு கோயிலிலேயே படுத்திருந்தவர் யார்? எங்கள் அப்பா. அவருடைய வீட்டுக் கட்டிலுக்கு அடியில் அந்தப் பெட்டி.

சனிக்கிழமை அவனுடைய அழுக்குத் துணியைத் தேடி அம்மா பெட்டியைத் திறந்துவிட்டாள். நான் அடுப்படியில் இருந்தேன். அம்மா கூப்பிடவும் இல்லை, கத்தவும் இல்லை. திரும்பிப் பார்த்தால் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். பெட்டிக்குள் பழைய செய்தித்தாளில் சுற்றி ஒரு மண்டையோடு, கை எலும்பு, கால் எலும்பு, விலா எலும்பு. நான்தான் "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டேன். அண்ணன் மலைத்தண்ணீர் விழும் பீலியில் குளித்துவிட்டு உள்ளே வந்தான். எங்களைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போயிற்று.

"ஆம்பளையா, பொம்பளையா?" என்று அம்மா கேட்டாள்.

"ஆம்பளம்மா."

"என்ன வயசு இருக்கும்?"

"முப்பதுக்குள்ளதான். எலும்பப் பாத்தாத் தெரியும்."

"என்ன பாதிதான் இருக்கு? ஒரு கை, ஒரு காலு."

"பாதிதான் தருவாங்க. மத்த பாதி வேற ஒருத்தன்கிட்ட இருக்கும். இது இக்ராம் அண்ணன் படிச்சது. எனக்கு இரவல் குடுத்தாரு."

இக்ராம் ஹட்டனில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன். அண்ணனுக்கு ஒரு வருடம் முந்திப் படித்தவர்.

"ஒரு ஆள ரெண்டாப் பிரிச்சா வச்சுக்குவீங்க?"

"படிப்பும்மா அது. செத்துப்போனப்ப கேட்டு வர ஆளில்லாதவங்கதான் காலேஜுக்கு வருவாங்க. யாராச்சும் வந்திருந்தா எங்ககிட்ட ஏன் வருது?"

அண்ணன் சாதாரணமாகத்தான் சொன்னான். அவனுக்கு அது பழகிப்போன விஷயம். அம்மா பெட்டியை மூடி, மறுபடியும் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, அரிசி களையப் போனாள். பிழைத்தோம் என்று அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். படித்தவனுக்குப் பெற்றவளைத் தெரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் எழுதுகிற கொப்பி வாங்க முதல் பஸ்ஸில் நுவரெலியாவுக்குப் போய்விட்டான். அவன் தலை மறைந்ததும் அம்மா, "லெச்சுமி, வெறகுக்குப் போவோம் வா" என்றாள். தன் கொழுந்துக் கூடையைத் தயாராக வைத்திருந்தாள். அடியில் வெள்ளைத் துணி மூட்டை, மேலே நாலு சுள்ளி. தூக்கிப் பார்க்காமலே எனக்கு விளங்கிவிட்டது.

"அம்மா, அண்ணன் பரீட்ச?" என்றேன்.

"நீ பேசாம வா."

கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். வழியில் மீனம்மா அக்கா எதிரில் வந்து, "என்னக்கா, ஞாயித்துக்கெழமையும் கூடையத் தூக்கிட்டீங்க?" என்று கேலி செய்தாள். "வெறகு இல்லாம சோறு வேகுமா?" என்று அம்மா சிரித்தாள். ஆற்றில் இறங்கி அக்கரை ஏறினோம். ஆறுதான் தோட்டத்து எல்லை. அந்தப் பக்கம் பத்தனை, தேயிலை நடாத புல்மேடு. அங்கே ஒரு சவுக்கு மரத்துக்குக் கீழே புல்வெட்டும் இரும்பு முள்ளால் அம்மா குழி தோண்டினாள். என்னைத் தோண்ட விடவில்லை. மூட்டையைத் தெற்கே தலை இருக்கும்படி படுக்க வைத்தாள். மஞ்சள், குங்குமம், வாய்க்கரிசி எல்லாம் முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள்.

பிறகு அழ வேண்டும். எங்கள் சனங்கள் அழாமல் ஒருவரை மண்ணுக்குள் விடுவதில்லை. அம்மா உட்கார்ந்து மாரில் கை வைத்தாள், வாயைத் திறந்தாள், நின்றுவிட்டாள். ஒப்பாரி வைக்க ஒரு முறை வேண்டுமே. அண்ணனா, மாமனா, தம்பியா?

"பேரும் தெரியல, மொறையும் தெரியல. என்னான்னு சொல்லி அழுவேன்டி?" என்று என்னைக் கேட்டாள். ஒரு பிடி மண்ணை அள்ளி மூட்டைமேல் போட்டாள். அப்புறம் "மகனே" என்று ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. ஆத்தா மடி இருக்க அனாதையாப் போனியேடா என்று அவள் அழுதபோது நானும் அழுதேன். யாரென்றே தெரியாதவனுக்காக அழுகிறோம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

ஆற்றில் தலை முழுகினோம். ஈரத்தோடு அம்மா என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "எந்தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு. எடத்த அவனுக்குச் சொல்ல மாட்டேன்னு சொல்லு. பரீட்சங்குற வெறியில தோண்டிருவான்." செய்தேன். எனக்குப் பதினேழு வயது. அம்மா தலையில் கை வைத்துச் செய்த சத்தியத்தை மீறினால் அம்மா செத்துவிடுவாள் என்று நம்புகிற வயது.

சாயந்தரம் அண்ணன் வந்து பெட்டியை இழுத்தான். அது கனமில்லாமல் சும்மா வந்துவிட்டது.

"அம்மா! எங்க?"

"அனுப்பி வச்சுட்டேன்."

"எங்க அனுப்பினீங்க?"

"எல்லாரும் போற எடத்துக்குத்தான். பாதியாச்சும் போய்ச் சேரட்டும்."

அவன் சத்தம் போடவும் முடியாது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் காது இருக்கிறது, கோயிலில் அப்பா இருக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு, "அது இரவல் பொருளும்மா! என் படிப்பும்மா! இன்னும் பத்தொம்பது நாளுதான் இருக்கு" என்றான். அம்மா அசையவில்லை. விடிந்ததும் நான் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது பின்னாலேயே வந்தான்.

"லெச்சுமி, நீயும் போனியா?"

நான் குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒன்னக் கையெடுத்துக் கும்புடுறேன்டி. எடத்த மட்டும் சொல்லு. படிச்சிட்டு மறுபடி அங்கேயே வச்சிடுறேன்."

குடம் நிரம்பி வழிந்தது. நான் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"நான் பெயிலானா அது ஒன்னாலதான். ஞாபகம் வச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு அவன் கேட்கவே இல்லை. இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சத்தியமும் கித்தியமும் போ என்று சொல்லியிருப்பேன். அவன் கேட்கவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அம்மா பறித்த கொழுந்தை நிறுவைக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். அண்ணன் லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா கை கால் கழுவிவிட்டு அவன் முன்னால் போய்க் குந்தினாள். ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு கையை நீட்டினாள்.

"எலும்புதான வேணும்? இந்தா. இதுல படி."

அண்ணன் சிரித்தான், கோபத்தில். "உசுரோட இருக்கிறதுல எப்படிம்மா படிக்கிறது?"

"தொட்டுப் பாரு. எங்கிட்ட எலும்பத் தவிர வேற என்னா இருக்கு?"

அது பொய்யில்லை. அவள் கையில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் பெரிதாக ஒன்றும் கிடையாது. அண்ணன் வேண்டாவெறுப்பாக முழங்கையைத் தொட்டான். அப்புறம் புத்தகத்தைப் பார்த்தான். மறுபடி தொட்டான். மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று விரலால் போய்க்கொண்டே மணிக்கட்டுக்கு மேலே வந்தவன் நின்றான்.

"இது எப்ப ஒடிஞ்சுச்சு?"

"ஒடியலியே. சுளுக்கு."

"ஒடிஞ்சு கோணலாச் சேர்ந்திருக்கும்மா. கையத் திருப்புங்க. உள்ளங்கை முழுசா மேல வருதா? வரல பாருங்க."

"அதுவா? நீ வயித்துல ஏழு மாசம். கொழுந்தோட வழுக்கி விழுந்தேன். தொரைக்குப் பயந்துக்கிட்டு மறுநாளே காலையில பேரு கூப்புடுற பெரட்டுக்குப் போயிட்டேன். அப்ப இருந்த டிஸ்பென்சர் சன்னல் வழியா எண்ணெய் குடுத்தாரு. தேச்சேன், சரியாப் போச்சு."

"தொட்டுப் பாக்கலியா?"

"எங்களையெல்லாம் யாரு தொட்டுப் பாக்குறது?"

இருபத்திமூன்று வருடம் அந்தக் கையால்தான் கொழுந்து பறித்திருக்கிறாள். அண்ணன் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கு அவன்மேல் இருந்த பயமெல்லாம் போய்விட்டது.

அடுத்தடுத்த நாட்களில் நடந்தது பெரிய கூத்து. டாக்டர் எலும்பைத் தொட்டுப் பார்க்கிறாராம் என்று லயமே வந்து வரிசையில் நின்றது. முட்டிவலி, இடுப்புவலி, தோள்பட்டை. "எனக்கு மருந்து தெரியாதுங்க, படிக்கிறேன்" என்று அவன் சொன்னால், "பரவால்ல தம்பி, சும்மா தொட்டுப் பாருங்க" என்றார்கள். அழகுமுத்து மாமா சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து கவ்வாத்துக் கத்தி பிடித்த தோளைக் காட்டினார். "மாமா, இந்தக் குழி புத்தகத்துலயே இல்ல" என்று அண்ணன் சொல்ல, அவர் அதையே பட்டம் வாங்கினதுபோல ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

திருவிழா நடந்தது. அந்த வருடம் அண்ணன் பரீட்சைக்காகப் பால்குடம் எடுப்பதாக அம்மா நேர்ந்திருந்தாள். எடுக்கவில்லை. மகனே என்று அழுது அடக்கம் செய்தாயிற்று, அதனால் அவளுக்குத் தீட்டு. பதினாறு நாள் கோயில் வாசலை மிதிக்கவில்லை, என்னையும் விடவில்லை. உடம்பு சரியில்லை என்று ஊரில் சொன்னாள். அப்பா கோயிலிலிருந்து ஆள் விட்டுத் திட்டினார். "நேந்துக்கிட்டு எடுக்காம விட்டா பய பரீட்ச என்னாத்துக்கு ஆகும்?" என்று கேட்டனுப்பினார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "ஆத்தாளுக்குத் தெரியாதா?" என்றாள்.

அண்ணன் கொழும்புக்குப் போனான். ஒரு மாதம் கழித்துத் தகரப்பெட்டியோடு திரும்பி வந்தான். அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள், கேட்கவில்லை. அவனே சொன்னான். "எலும்பெல்லாம் சரியாச் சொல்லிட்டேம்மா. வேற பாடத்துல போச்சு."

பீலியில் வைத்து எனக்கு மட்டும் உண்மையைச் சொன்னான். வேறு பாடமெல்லாம் இல்லை, எலும்புதான். தொடை எலும்பு கொடுத்தார்கள், சொன்னான். தோள் எலும்பு கொடுத்தார்கள், புத்தகத்தில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னான். கடைசியில் மணிக்கட்டுக்குள் இருக்கும் எலும்பில் ஒன்றை, புளியங்கொட்டை அளவு, உள்ளங்கையில் வைத்தார்களாம். வலதா இடதா, எது மேல் பக்கம்? முழித்தான். இன்னொன்று வைத்தார்கள். அதற்கும் முழித்தான்.

"அம்மா கையில அது தெரியலியா?" என்றேன்.

"அதெல்லாம் உள்ளுக்குள்ள இருக்குடி. தோலுக்கு மேல தடவினா ஆப்புடாது."

இக்ராமிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். நடந்ததைச் சொன்னானாம். அவர், "அடக்கிட்டாங்களா? அப்ப நல்லது. விடுங்க" என்றாராம். ஆனால் எனக்கு எப்படி விட முடியும்? நான் வாயைத் திறந்திருந்தால் அந்தப் புளியங்கொட்டை எலும்பு அவன் கையில் பத்தொன்பது நாள் இருந்திருக்கும்.

அவன் மருந்து கலக்கும் படிப்பை ஒரு வருடம் படித்தான். லிந்துலையில் வேலை கிடைத்தது. அம்மாவை அழைத்துப்போய்த் தன்னோடு வைத்துக்கொண்டான். அவனுடைய டிஸ்பென்சரியில் சன்னல் வழியாக மருந்து கொடுப்பதில்லை. வருகிறவர்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தொட்டுப் பார்க்கிறான். எலும்பு முறிவென்றால் தானே தப்பை வைத்துக் கட்டி, லொறியில் கூடவே ஏறி டிக்கோயா ஆஸ்பத்திரிவரை போகிறான். மறுநாள் பெரட்டுக்கு வரச் சொன்னால் துரையோடு சண்டைக்கு நிற்கிறான். இதையெல்லாம் பார்க்கும்போது எனக்குப் பெருமையாகவும் இருக்கும், இவன் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்திருக்க வேண்டியவன் என்று நெஞ்சும் எரியும்.

அம்மா தை மாதம் காலமானாள். அதற்கப்புறம்தான் எனக்குத் தைரியம் வந்தது. போன மாதம் அவன் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டேவிட்டேன்.

"அண்ணே, அன்னைக்கு நான் எடத்தச் சொல்லியிருந்தா நீ டாக்டராகியிருப்பல்ல?"

அவன் கோப்பையை வைத்தான். "எடம் எனக்குத் தெரியுமேடி."

"என்னது?"

"ஒங்கிட்ட கேட்ட அன்னைக்கு மத்தியானமே போய்ப் பாத்துட்டேன். ஆத்தங்கரையில குங்குமம் சிந்தியிருந்துச்சு. மேல போனா சவுக்கு மரத்தடியில புது மண்ணு. முள்ளு எடுத்துக்கிட்டுத்தான் போயிருந்தேன். மேலாகத்தான் இருந்துச்சு, ரெண்டு கொத்துல துணி தெரிஞ்சுருச்சு."

"அப்புறம்?"

"அம்மா முடிச்சுப் போட்டிருந்தாங்க. பள்ளிக்கூடத்துக்கு நமக்கு ரொட்டி கட்டிக் குடுப்பாங்கல்ல, அதே முடிச்சு. அத அவுக்க எனக்குக் கை வரல. மண்ணத் தள்ளி மூடிட்டு வந்துட்டேன்."

எட்டு வருடம்! "பாவிப்பயலே, இத ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்று அண்ணன் என்றும் பாராமல் அவன் முதுகில் இரண்டு வைத்தேன். "நீ எங்க கேட்ட? இன்னைக்குத்தான கேக்குற" என்று அவன் சிரித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்க முடியவில்லை.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்றேன்.



"நான் வரும்போது முழங்கால் வரைக்கும் சேறு. அம்மா வேலைவிட்டு வந்து பாத்தாங்க. எங்க போனேன்னு கேக்கல. சுடுதண்ணி வச்சுக் குடுத்துட்டு, முள்ளக் கையில எடுத்துக்கிட்டு ஆத்துப்பக்கம் போனாங்க. இருட்டுறதுக்குள்ள திரும்பி வந்துட்டாங்க. முடிச்சு அவுக்காம இருந்ததப் பாத்திருப்பாங்க போல. மறுநாள்தான் எங்கிட்ட வந்து கைய நீட்டினாங்க."